ஆற்றுக்குத் தந்த அவகாசம்



அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் அவ்வப்போது வந்துபோகும் ஒரு வகை மசோதா உண்டு. அச்சிட்டால் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம். ஓர் ஆற்றின் பெயர், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்ற எல்லை, ஆராய்ந்து அறிக்கை தருவதற்கு ஒரு கெடு, அவ்வளவுதான் அதில் இருக்கும். அணையைத் தடுப்பதாக அதில் ஒரு வரி கிடையாது. நிலத்தை எடுத்துக்கொள்வதாகவும் கிடையாது. செய்தித்தாள்கள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை. அந்தச் சின்ன மசோதாக்களைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். ஓர் ஆற்றைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது நிரந்தரப் பாதுகாப்பு அல்ல, அவகாசம்தான் என்பது என் துணிபு. ஆற்றைப் பார்த்து முடிக்கும் வரை யாரும் அதில் கைவைக்கக் கூடாது என்று சட்டமே சொல்லும்படியான அவகாசம்.

இது எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி முழுவதும் அமெரிக்கா அணை கட்டிய காலம். பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு என்று ஒவ்வோர் அணைக்கும் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயங்களில் பலவும் உண்மையானவையே. ஆனால் எல்லா நியாயங்களும் சேர்ந்தபோது, தடையில்லாமல் ஓடும் ஆறு என்று ஒன்று மிஞ்சுமா என்ற கேள்வி எழுந்தது. 1950-களில் மொன்டானா மாநிலத்தின் ஃப்ளாட்ஹெட் ஆற்றின் நடுக்கிளையில் ஸ்ப்ரூஸ் பார்க் என்ற அணையைக் கட்டத் திட்டமிட்டார்கள். அதை எதிர்த்தவர்களில் ஒருவர் ஜான் க்ரெய்க்ஹெட். யெல்லோஸ்டோன் பூங்காவின் கரடிகளைப் பல்லாண்டு ஆராய்ந்த காட்டுயிர் அறிஞர். அவரும் அவருடைய இரட்டைச் சகோதரர் ஃப்ராங்க்கும் சொன்ன யோசனை எளிமையானது. ஒவ்வோர் அணையாக எதிர்த்துக்கொண்டிருந்தால் என்றாவது ஒருநாள் தோற்றுத்தான் ஆக வேண்டும். எதிர்ப்பதை விட்டுவிட்டு, எந்தெந்த ஆறுகள் அணையில்லாமல் இருக்க வேண்டும் என்று நாடே முன்கூட்டி முடிவு செய்யட்டும் என்றார்கள்.

அந்த யோசனை சட்டமாவதற்குப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. செனட்டில் ஐடஹோவின் ஃப்ராங்க் சர்ச் அதை நடத்திச் சென்றார். பிரதிநிதிகள் சபையில் பென்சில்வேனியாவின் ஜான் சேலர். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. அணைகளின் பக்கம் நின்ற கொலராடோவின் வேய்ன் ஆஸ்பினால் சபைக் குழுவின் தலைவராக இருந்ததால் மசோதா நெடுநாள் நகரவில்லை. கடைசியில் 1968 அக்டோபர் 2 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். அதைக் கட்டற்ற எழிலாறுகள் சட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அணை கட்டுவதே நாட்டின் கொள்கையாக இருந்த இடத்தில், சில ஆறுகளை அப்படியே ஓட விடுவதும் நாட்டின் கொள்கைதான் என்று அந்தச் சட்டம் எழுதிவைத்தது.

அன்று எட்டு ஆறுகள் உடனடியாகப் பாதுகாக்கப்பட்டன. ஐடஹோவில் சால்மன் ஆற்றின் நடுக்கிளை, ஆரிகனில் ரோக், மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் இடையே செயின்ட் க்ராய் என்று அந்த எட்டின் பட்டியல் போகிறது. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இந்தப் பட்டியலைத்தான். சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் இன்னொரு பட்டியலும் இருந்தது. அதில் 27 ஆறுகள். இவற்றைப் பாதுகாக்கலாமா என்று ஆராய்ந்து சொல்லுங்கள் என்று அரசுக்கு இட்ட கட்டளை அது. க்ரெய்க்ஹெட் காப்பாற்ற நினைத்த ஃப்ளாட்ஹெட் ஆறு எட்டில் இல்லை, இருபத்தேழில்தான் இருந்தது. அது பாதுகாக்கப்பட்ட ஆறானது 1976-இல். அந்த இருபத்தேழில் ஜார்ஜியாவின் சட்டூகா 1974-லேயே சேர்ந்துவிட்டது. ஃபுளோரிடாவின் சுவானியும் மெய்ன் மாநிலத்தின் பெனாப்ஸ்காட்டும் சேரவே இல்லை. ஆராய்ச்சி என்றால் முடிவு இரண்டு பக்கமும் போகலாம். அப்படிப் போகாவிட்டால் அதை ஆராய்ச்சி என்று சொல்லவும் முடியாது.

இப்போது அந்தக் கட்டளைக்குள் இருக்கும் வலிமையைப் பார்ப்போம். சட்டத்தின் ஏழாம் பிரிவு இப்படிப் போகிறது: ஓர் ஆற்றை ஆராயும்படி காங்கிரஸ் சட்டமியற்றிய நாளிலிருந்து மூன்று முழு நிதியாண்டுகளுக்கு, அந்த ஆற்றில் நீர்மின் திட்டம் எதற்கும் கூட்டாட்சி மின்விசை ஆணையம் உரிமம் தரக் கூடாது. அந்த ஆற்றின் சிறப்பைக் கெடுக்கக்கூடிய நீர்த்திட்டம் எதற்கும் கூட்டாட்சி அரசின் எந்தத் துறையும் பணமோ கடனோ அனுமதியோ தரக் கூடாது. அறிக்கை தாமதமானால் அது வந்துசேரும் வரை தடை நீளும். அறிக்கை சாதகமாக வந்தால், காங்கிரஸ் யோசிப்பதற்காக மேலும் மூன்றாண்டு வரை நீளும். ஆக, ஆராய்ந்து பார் என்று மட்டும் சொல்கிற அந்த இரண்டு பக்க மசோதா, ஆறேழு ஆண்டுகளுக்கு அணையை வாசலில் நிறுத்திவைக்கும். அதே சமயம், கரையில் ஒரு விவசாயி வீடு கட்டுவதையோ தன் நிலத்தில் மரம் வெட்டுவதையோ அது தடுக்காது. தனியார் நிலத்தில் எதை எங்கே கட்டலாம் என்று வரையறுக்கும் அதிகாரம் கூட்டாட்சி அரசுக்கு இல்லை. அது ஊர்களின் அதிகாரம்.

இந்த வலிமை எவ்வளவு பெரியது என்பது, அது கிடைக்காமல் போன ஓர் ஆற்றின் கதையில்தான் நன்றாகத் தெரியும். வட கரோலினாவின் மலைகளில் பிறந்து, வர்ஜீனியா வழியாக வடக்கு நோக்கி ஓடும் ஆறு ஒன்று. பெயர் நியூ ரிவர். பெயர்தான் புதிது. அந்தக் கண்டத்தின் மிகப் பழைய ஆறுகளில் ஒன்று அது. 1960-களில் அப்பலாச்சியன் பவர் என்ற மின் நிறுவனம் அதில் இரண்டு அணைகளுக்கு உரிமம் கேட்டது. மின்தேவை குறைந்த நேரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவை மிகுந்த நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் திட்டம். இந்த வகை நிலையங்கள் தரும் மின்சாரத்தைவிட உண்ணும் மின்சாரம் கூடுதல். ஆனாலும் உச்சத் தேவையைச் சமாளிக்க அவை பயன்படும் என்பதை மறுப்பதற்கில்லை.

கதை வேறு திசையில் திரும்பியது இங்கேதான். ஆறு கீழே போய் மேற்கு வர்ஜீனியாவில் கனாவா ஆறாகிறது. அங்கே சார்ல்ஸ்டன் நகரைச் சுற்றி வேதித் தொழிற்சாலைகள். கனாவா கடுமையாக மாசுபட்டுக் கிடந்தது. மேலே நீர்த்தேக்கத்தைப் பெரிதாகக் கட்டி, கோடையில் கூடுதல் நீரைத் திறந்துவிட்டால் கீழே உள்ள கழிவு நீர்த்துப்போகும் என்று அரசுத் துறையே யோசனை சொன்னது. திட்டம் 1,800 மெகாவாட்டாகப் பெருத்தது. ஏறத்தாழ 40,000 ஏக்கர் மூழ்கும் என்றானது. வட கரோலினாவின் ஆஷ், அலகேனி மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழுத பள்ளத்தாக்கு வயல்கள், தேவாலயங்கள், கல்லறைகள், நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வீடுகள் எல்லாம் அந்தக் கணக்கில் வந்தன. ஓர் ஊரின் தொழிற்சாலைக் கழிவைக் கழுவுவதற்காக இன்னோர் ஊரின் வீடுகளை நீரில் அமிழ்த்துவது என்ற திட்டம் அது. 1972-இல் வந்த தூய நீர்ச் சட்டம், கழிவை மூலத்திலேயே சுத்திகரிப்பதற்கு மாற்றாக நீர் திறந்துவிடுவதை ஏற்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. திட்டத்தைப் பெரிதாக்கிய காரணமே போய்விட்டது. திட்டம் மட்டும் போகவில்லை.

வட கரோலினாவின் செனட்டர் சாம் எர்வின், வாட்டர்கேட் விசாரணைக் குழுவின் தலைவராக உலகம் அறிந்தவர், நியூ ரிவரை ஆராயும்படி ஒரு மசோதா கொண்டுவந்தார். 1974-இல் செனட் அதை நிறைவேற்றியது. மின்விசை ஆணையம் அதே ஆண்டு ஜூனில் உரிமம் தந்தது. ஆனால் காங்கிரஸ் முடிவெடுக்க இடம் விட்டு, 1975 ஜனவரி தொடக்கத்தில்தான் உரிமம் நடைமுறைக்கு வரும் என்று நாள் குறித்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓர் ஆற்றை ஆராய்ந்து பார்க்கலாமா என்பதுதான் பிரதிநிதிகள் சபையின் முன் இருந்த கேள்வி. பாதுகாக்க வேண்டுமா என்பது அல்ல, பார்க்கலாமா என்பது மட்டும். அந்த ஆண்டின் கடைசி மாதத்தில், சபையில் அந்த மசோதா தடுமாறி நின்றுபோனது. ஆண்டு முடிந்தது. உரிமம் உயிர்பெற்றது.

பிறகு நடந்தது நெடிய போராட்டம். மாநிலம் தன் சொந்தச் சட்டத்தின்கீழ் 26.5 மைல் நீளத்தை எழிலாறு என்று அறிவித்தது. ஆளுநர் ஜேம்ஸ் ஹோல்ஷவுசர் அதைத் தேசியப் பட்டியலில் சேர்க்கும்படி உள்துறைச் செயலருக்கு விண்ணப்பித்தார். எழிலாறுகள் சட்டத்தில் அப்படி ஒரு வழியும் உண்டு. 1976-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மின் நிறுவனத்தின் உரிமம் செல்லும் என்றது. உள்துறைச் செயலர் தாமஸ் க்ளெப்பி ஆற்றைப் பட்டியலில் சேர்த்தார். இரண்டுக்கும் இடையில் ஆறு தொங்கியது. முடிவில் காங்கிரஸே தலையிட்டு, உரிமத்தைச் செல்லாததாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. செப்டம்பர் 11 அன்று ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்டார். கொடுத்த உரிமத்தைச் சட்டமியற்றித் திரும்பப் பெறுவது எத்தனை அரிது என்று சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். அந்த ஆறு தப்பியது நல்லூழ். 1974 டிசம்பரில் அந்தச் சின்ன மசோதா நிறைவேறியிருந்தால் அந்த மலை ஊர்களின் மக்கள் அடுத்த இரண்டாண்டை இத்தனை பதைப்போடு கழித்திருக்க வேண்டியதில்லை.

அவகாசம் கிடைத்த ஆறு ஒன்றைப் பற்றியும் சொல்கிறேன். கலிஃபோர்னியாவின் டுவாலமி. யோசெமிட்டியின் பனிமலைகளில் பிறக்கும் ஆறு. அதன் மேற்பகுதியில் இருந்த ஹெட்ச் ஹெட்ச்சி பள்ளத்தாக்கை சான் ஃப்ரான்சிஸ்கோ நகரின் குடிநீருக்காக 1913-இல் காங்கிரஸ் கொடுத்துவிட்டது. இயற்கைப் பாதுகாப்பாளர் ஜான் மியூர் போராடித் தோற்ற போராட்டம் அதுதான். அணைக்குக் கீழே எஞ்சியிருந்த ஆற்றிலும் மேலும் அணைகள் கட்ட நகரமும் இரண்டு பாசன மாவட்டங்களும் திட்டம் வைத்திருந்தன. 1975-இல் டுவாலமி ஆராய்ச்சிப் பட்டியலில் சேர்ந்தது. 1979-இல் வந்த அறிக்கை, பாதுகாக்கத் தகுந்த ஆறு என்றது. ஆனால் காங்கிரஸ் உட்கார்ந்துவிட்டது. கெடு முடிந்தது, தடை விலகியது, அணைத் திட்டங்கள் மீண்டும் எழுந்தன. அந்த இடைவெளியில் ஆற்றைக் காப்பாற்றியது, ஆராய்ச்சிக் காலத்தில் திரண்டிருந்த மக்களும் அவர்கள் கையில் இருந்த அந்த அறிக்கையும்தான். குடியரசுக் கட்சியின் செனட்டர் பீட் வில்சன் ஆற்றின் பக்கம் நின்றார். 1984-இல் 83 மைல் டுவாலமி பட்டியலில் ஏறியது. அவகாசம் என்பது தானாக எதையும் காப்பாற்றாது. அந்த ஆண்டுகளில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

ஆராய்ச்சியில் என்னதான் செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். முதலில், ஆறு தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். அடுத்து, வேறெங்கும் எளிதில் கிடைக்காத சிறப்பு ஒன்றாவது அதற்கு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அது மீனாக இருக்கலாம், பாறையாக இருக்கலாம், பழங்குடிகளின் தொன்மையான வாழிடமாக இருக்கலாம், படகோட்டிகள் தேடிவரும் விரைந்தோடும் நீரோட்டமாகவும் இருக்கலாம். இந்த இரண்டும் இருந்தால் ஆறு தகுதி பெற்றது. கரையில் எவ்வளவு கட்டடம், எத்தனை சாலை என்பதைப் பொறுத்துக் கட்டற்றது, எழில்மிக்கது, பொழுதுபோக்குக்கு உரியது என்ற மூன்றில் ஒன்றாக வகைப்படுத்துவார்கள். அதற்குப் பிறகு வருவதுதான் கடினமான கேள்வி: தகுதி இருந்தாலும், பாதுகாப்பது பொருத்தமா? நிலம் யாருடையது, எந்தப் பயன்பாடு தடைபடும், செலவு யாருடையது, கரையில் வாழ்கிறவர்கள் ஒப்புகிறார்களா? இதற்கு விடை நீரில் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது.

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் இந்தக் கேள்வியை நேர்மையாகக் கையாளும் ஒரு முறை உருவானது. அங்கே கரையோர நிலம் பெரும்பாலும் தனியாருடையது. கனெக்டிகட்டின் ஃபார்மிங்டன் ஆற்றின் மேற்குக் கிளையை ஆராய 1986-இல் காங்கிரஸ் சட்டமியற்றியது. கரையோர ஊர்களின் பிரதிநிதிகள், மாநில அரசு, மேலே நீர்த்தேக்கங்களை நடத்தும் குடிநீர் அமைப்பு எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேலாண்மைத் திட்டத்தை முதலில் எழுதினார்கள். பாதுகாப்பு பிறகு வந்தது. கூட்டாட்சி அரசு நிலம் எடுக்காது என்று முன்பே உறுதி செய்தார்கள். 1994-இல் 14 மைல் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆராய்ச்சி ஆற்றின் மேற்பகுதியான மாசசூசெட்ஸ் பக்கத்தையும் சேர்த்துத்தான் நடந்தது. அங்கே உள்ள ஊர்கள் வேண்டாம் என்று வாக்களித்தன. அந்தப் பகுதி சேர்க்கப்படவில்லை. மேலே இருப்பவர்களின் முடிவு எனக்கு வருத்தம் தருகிறது. ஆனாலும் வேண்டாம் என்ற சொல் மதிக்கப்பட்டதால்தான் கீழே இருந்த ஊர்கள் சரி என்று சொன்ன சொல்லுக்கு எடை வந்தது என்று நினைக்கிறேன்.

வெர்மான்ட்டின் மிஸிஸ்கோய் ஆறு கனடாவுக்குள் போய்த் திரும்பவும் வெர்மான்ட்டுக்குள் வரும் ஆறு. 2009-இல் ஆராய்ச்சிச் சட்டம் வந்தது. மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமையில் ஊர்க்கூட்டம் கூடுவது அந்த மாநிலத்தின் பழைய வழக்கம். சாலை செப்பனிடுவது, பள்ளிச் செலவு என்று ஊர்க்காரியங்களை முடிவு செய்யும் அந்தக் கூட்டங்களில், ஆற்றைப் பற்றியும் மக்கள் வாக்களித்தார்கள். 2014-இல் மிஸிஸ்கோயும் அதன் துணையான ட்ரவுட் ஆறும் சேர்ந்து 46 மைல் பாதுகாக்கப்பட்டன. மெய்ன் மாநிலத்தின் யார்க் ஆற்றுக்கு 2014-இல் ஆராய்ச்சிச் சட்டம், 2022 டிசம்பரில் பாதுகாப்பு. எட்டாண்டுகள். இந்தத் தாமதத்தைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. அணை ஒன்று கட்டினால் நூறாண்டு நிற்கும். அதற்கு முன் எட்டாண்டு யோசிப்பதில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை. உண்மையில் பெரிய தடங்கல் வேறு. சட்டம் வந்தும் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்காமல் விடுவார்கள். அண்மைக் காலச் சட்டங்களில் அறிக்கைக்கான மூன்றாண்டுக் கெடுவே பணம் வந்த நாளிலிருந்துதான் எண்ணப்படுகிறது. ஆராயச் சொல்லிவிட்டு ஆராயப் பணம் தராமலிருப்பது, கரையோர மக்கள் தங்கள் மாலை நேரங்களைத் தந்து கூட்டங்களில் உட்கார்ந்த உழைப்பை அவமதிப்பதாகும்.

அரை நூற்றாண்டு கடந்தும், இந்தப் பட்டியலில் இருப்பது சுமார் 13,400 மைல். நாட்டின் மொத்த ஆற்று நீளத்தில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. அணைகளால் மாற்றப்பட்டவையோ 6,00,000 மைல், ஏறத்தாழ 17 விழுக்காடு. இந்தச் சட்டத்தால் நிலம் போய்விடும் என்று நில உரிமையாளர்கள் கொள்ளும் அச்சத்தைப் பற்றிப் பேசும்போது இந்த விகிதத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

கடைசியாக ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமீ. 103 மைல் வளைந்து நெளிந்து ஒகீசோபீ ஏரிக்குப் போன ஆறு. 1947-இல் வந்த புயல்களும் வெள்ளமும் மக்களை அச்சுறுத்தின. 1962 முதல் 1971 வரை ராணுவப் பொறியாளர் படை அதை நிமிர்த்தி, 56 மைல் கால்வாயாக வெட்டியது. கரையோரச் சதுப்பு வறண்டது. நீர்ப்பறவைகள் பெரும்பாலும் போய்விட்டன. கால்வாய் வெட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே அதை மூட வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1992-இல் காங்கிரஸ் ஒப்புக்கொண்டது. 22 மைல் கால்வாயை மண்ணிட்டு மூடி, மதகுகள் இரண்டை இடித்து, 44 மைல் ஆற்றைப் பழைய வளைவுகளில் மீண்டும் ஓடவிட்டார்கள். 2021-இல் வேலை முடிந்தது. வாத்துகளும் கரையோரப் பறவைகளும் திரும்பியிருக்கின்றன.

இந்தக் கிஸ்ஸிமீயை எழிலாறுகள் சட்டத்தின்கீழ் ஆராய வேண்டும் என்று அந்த மாநிலத்தின் உறுப்பினர் டேரன் சோட்டோ பிரதிநிதிகள் சபையில் மசோதா கொண்டுவந்தார். இது 1968-இல் யாரும் நினைத்துப் பார்த்திராத நிலை. சட்டத்தின் இலக்கணப்படி, நிமிர்த்தப்படாமல், திருப்பப்படாமல், கரை கட்டப்படாமல் ஓடுவதுதான் தடையில்லாத ஆறு. சிறிய தடுப்புகள் இருப்பது மட்டும் தகுதியைப் பறிக்காது என்றும் அதே இலக்கணம் சேர்த்துச் சொல்கிறது. நிமிர்த்தப்பட்டு, பிறகு கோடிக்கணக்கான டாலர் செலவில் மீண்டும் வளைக்கப்பட்ட ஆற்றை எதில் சேர்ப்பது? மேலே கிஸ்ஸிமீ ஏரியின் மதகைத் திறந்தால்தான் அதற்கு நீர் வருகிறது. கீழே மிஞ்சிய கால்வாய் இன்னும் கால்வாயாகவே இருக்கிறது. நடுவில் ஓடும் அந்த 44 மைலில் சதுப்பு நனைந்து காயும் காலங்கள் பழையபடி திரும்பிவிட்டனவா, மீன்களுக்கு மூச்சு விடும் அளவு உயிர்வளி நீரில் இருக்கிறதா, கரையில் மாடு மேய்க்கும் பண்ணையாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்பவற்றை யாராவது போய்ப் பார்த்து எழுத வேண்டும். அதைத்தான் அந்த மசோதா கேட்டது.